அம்மாவின் தலைவலி

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். என் தோழி ஒருத்தி இயற்கையைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னாள். இன்னொருத்தி தாய்மையைப் பற்றி என்றாள். "நீ எதைப் பற்றி?" என்று கேட்டார்கள். "சைலன்சர் குழாயைப் பற்றி" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது விளையாட்டுக்கு அன்று. இப்போது எழுத உட்கார்ந்து பார்த்தால், இதுவும் ஒரு வகையில் தாய்மையைப் பற்றிய கட்டுரையாகத்தான் வரும் போலிருக்கிறது.

எங்கள் ஊர் சத்தியமங்கலத்துப் பூச்சந்தையிலிருந்து ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீட்டர். அரை ஏக்கரில் மல்லிகையும் அதற்குப் பக்கத்தில் குத்தகைக்குப் பிடித்த கால் ஏக்கரில் சம்பங்கியும் வைத்திருக்கிறோம். இரவு மூன்று மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பூப்பறிக்கப் போய்விடுவார். விடிகிற நேரத்தில் எங்கள் பூவோடு அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூ மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அப்பா வேனை எடுப்பார். மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை உண்டு. பூ விலை விழுந்த நாள்களில் அந்த வாடகைதான் எங்கள் வீட்டில் உலையை வைத்தது. எடை போடும்போதும் கணக்கு முடிக்கும்போதும் உடன் ஓர் ஆள் வேண்டும் என்பதால் அம்மாவும் முன் சீட்டில் ஏறிக்கொள்வார்.

அந்த வேன் ஒரு பழைய பெட்ரோல் ஆம்னி. அந்த வண்டியின் உற்பத்தியே 2019-இல் நின்றுவிட்டது. எங்களிடம் வந்தது மூன்றாவது கையாக. வண்டிகளைப் பற்றித் தெரியாத தோழியருக்காக ஒன்று சொல்கிறேன். மற்றக் கார்களைப் போல் இதற்கு முன்னால் மூக்கு கிடையாது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். குளிர்காலத்தில் சீட்டு கதகதப்பாக இருக்கும். "மெத்தை போட்டு அடுப்பு மூட்டின மாதிரி" என்பார் அம்மா. அந்தக் கதகதப்பை அவர் விரும்பினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

2024-ஆம் ஆண்டு மார்கழியில் அம்மாவுக்குத் தலைவலி தொடங்கியது. சந்தையில் இறங்கும்போதே இரண்டு நெற்றிப்பொட்டும் தெறிக்கும். குமட்டும். மதியம் மூன்று மணி வாக்கில் தானாகவே விட்டுவிடும். மறுநாள் விடியலில் மறுபடி பிடித்துக்கொள்ளும். முதலில் பனி என்றார்கள். காதைச் சுற்றித் துண்டு கட்டினார். பிறகு பித்தம் என்றார்கள். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார். அம்மிச்சி வந்தபோது, சந்தையில் யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். டாக்டரிடம் போனோம். தூக்கக் குறைவாலும் பார்வைக் குறைவாலும் இப்படி வரலாம் என்று மாத்திரை கொடுத்தார். கண்ணைச் சோதிக்கச் சொன்னார். சோதித்ததில் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கினோம். கண்ணாடி மாட்டிய மறுநாளும் தலைவலி வந்தது.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அம்மா உண்மையான பதிலைத்தான் சொன்னார். வேனில் எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டா போகிறீர்கள் என்று யார்தான் கேட்பார்கள்?

தை பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு விடியலில் கீழ்பவானி வாய்க்கால் பாலத்தை ஒட்டி அப்பாவுக்குக் கண் அசந்துவிட்டது. வண்டி சாலையை விட்டு இறங்கிக் கரையோரத்து மைல்கல்லில் உரசி நின்றது. அந்தக் கல் இல்லையென்றால் வாய்க்கால்தான். வாய்க்காலில் அப்போது தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இருவரும் இதைச் சொல்லவில்லை. கதவில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு நான் கேட்ட பிறகுதான் அம்மா சொன்னார். "இருபத்தஞ்சு வருசமா ஓட்டறேன் கண்ணு. ஒரு நாளும் அசந்ததில்ல. வயசாயிருச்சாட்ட இருக்குது" என்றார் அப்பா. அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். அணைவுச் சேர்மங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு உலோக அணுக்களோடு எப்படிப் பிணைகிறது என்று எங்கள் பேராசிரியர் நிக்கல் கார்பொனைலை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். எழுதிய கையோடு சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, "இதே வாயு இரத்தத்தில் இருக்கும் இரும்பையும் விடாது" என்றார். ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்காரும். நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம்; அளவு மிஞ்சினால் மரணம். நல்ல காற்றுக்கு வந்தாலும் உடனே போய்விடாது. இரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். விடியலில் பிடித்து மதியத்துக்கு மேல் விட்டுவிடும் வலி. கையில் இருந்த பேனா வழுக்கியது. வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "உன் அப்பாவிடம் போன் இருக்கிறதா?" என்றார். "இருக்கிறதுங்க ஐயா." "இப்போதே கூப்பிடு. நாளைக்கு எவ்வளவு பனி கொட்டினாலும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டச் சொல். மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றார்.

ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வழி உண்டா என்றும் கேட்டேன். பல்லேடியம் குளோரைடு தோய்த்த தாள் இந்த வாயு பட்டால் கறுக்கும் என்றும், அது தங்கத்துக்குத் தம்பி விலை என்பதால் நம் அலமாரியில் இல்லை என்றும் சொன்னார். இப்போது கையடக்கமான மின்கருவிகள் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேல். பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

அன்று இரவு வீட்டில் நான் சொன்னதை அப்பா முழுக்கக் கேட்கவில்லை. "புகை நாத்தம் கொஞ்சம் அடிக்கும் கண்ணு. பழைய வண்டின்னா அப்படித்தான். போன மாசந்தான புகைச் சர்ட்டிபிகேட் எடுத்தேன்? மிசின்ல வெச்சுப் பார்த்துத்தான குடுத்தாங்க?" என்று அந்தத் தாளை எடுத்து வந்து காட்டினார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் புகைச் சோதனைக் கருவியைக் குழாயின் பின்முனையில் செருகித்தான் அளக்கிறார்கள். நடுவழியில் ஓட்டை இருந்தால் அதன் வழியே வெளியேறிய புகை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சொட்டுநீர்க் குழாயில் நடுவில் பொத்தல் இருந்தால் கடைசிச் செடிக்கு வருகிற தண்ணீரை அளந்து என்ன பயன் என்று கேட்டேன். அதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்றார்.

அந்த ஞாயிறு வரையில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போனார்கள். அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை; சளி பிடித்துக்கொண்டது. ஆனால் தலைவலி பெரிதாக வரவில்லை. இதைவிட நல்ல சோதனை எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்து, வண்டி நன்றாக ஆறிய பிறகு மாலையில் தொடங்கினோம். ஆறிய வண்டியில்தான் பார்க்க வேண்டும். ஓடிய சூட்டில் அந்தக் குழாயைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதோடு, ஒட்டு தளர்ந்த குழாய் ஆறியிருக்கும்போதுதான் அதிகம் சத்தம் போடும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தமும் அடங்கிவிடும். காலையில் எடுத்தவுடன் "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வரும், வாய்க்கால் பாலம் வருவதற்குள் நின்றுவிடும் என்று அப்பாவே பல நாள் சொல்லியிருக்கிறார். இன்ஜினுக்குள் ஏதோ தட்டுகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திறந்த களத்தில் நிறுத்தினோம். ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் படுப்பதற்கு அப்பா ஒப்பவில்லை. அதற்கு அவரே ஒரு வழி கண்டார். தோட்டத்தில் காய்ந்து கிடந்த வாய்க்காலின் இரு கரையிலும் சக்கரங்கள் நிற்கும்படி வண்டியை ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்தார். வாய்க்காலுக்குள் சாக்கு விரித்துப் படுத்தால் பட்டறைக் குழி போலவே இருந்தது. "பொம்பளப் புள்ள வண்டிக்கடியில படுத்துக்கிட்டு..." என்று அம்மிச்சி ஆரம்பித்தார். "அவதான படிச்சிருக்கா, அவளே படுக்கட்டும்" என்றார் அம்மா. அது பாராட்டா, கேலியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை எங்கே அலைகிறது என்று பார்க்கலாம் என்பது என் முதல் யோசனை. "பெட்ரோல் வண்டியில நெருப்பா? இதையா காலேஜில சொல்லித் தந்தாங்க?" என்று அப்பா பிடுங்கி எறிந்துவிட்டார். அந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் அறிவியல் இருந்தது.

பிறகு செய்தது இது. மீந்து கிடந்த சொட்டுநீர்க் குழாயில் நான்கடி வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டேன். அப்பா இன்ஜினை ஓடவிட்டார். மறு முனையை, குழாயைத் தொடாமல், அதன் நெடுகிலும் கொண்டுபோனேன். பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பாவில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. முன்னால், இன்ஜினிலிருந்து மூன்று சிலிண்டரின் புகையும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கும் மேனிபோல்டும் குழாயும் சேரும் ஒட்டுக்கு வந்ததும் காதில் யாரோ அறைந்தது போல் கேட்டது. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் கருவிக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

உறுதி செய்துகொள்ள இன்ஜினை நிறுத்தி, மறுபடி ஆறவிட்டுச் சோப்புத் தண்ணீர் கலந்தோம். அம்மா பின்னால் நின்று ஈரச் சாக்கைச் சுருட்டிக் குழாயின் வாயில் நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தார். வாயை அடைத்தால் புகை வேறு வழி தேடும் அல்லவா? நான் அந்த ஒட்டின்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். குழந்தைகள் ஊதும் குமிழி போல் பொங்கிப் பொங்கி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த இடத்தைச் சுற்றி விசிறி போல் கரி படிந்திருந்தது. அதன்மேல், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பசையைக் களிமண் மாதிரி யாரோ முன்பு அப்பியிருந்தார்கள். அந்தப் பசை அத்தனை சூட்டைத் தாங்குமா? பொரிந்து உதிர்ந்து, பாதி இருந்தது, பாதி இல்லை. ஒரு பட்டறையில் இரண்டு வருடத்துக்கு முன் இதற்கு முந்நூறு ரூபாய் வாங்கினார்கள் என்று அப்பா சொன்னார். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம்.

இன்னொன்றும் கண்டோம். சீட்டுக்கு அடியில் இன்ஜினை மூடும் தகட்டைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் பீடிங் பல இடத்தில் இல்லவே இல்லை. அதிர்வு தெரியாமலிருக்க அப்பா அங்கே கோணிச் சாக்கை மடித்து வைத்திருந்தார். ஓட்டையிலிருந்து கிளம்பிய வாயு நேரே அந்தச் சாக்கு வழியாக ஏறி அம்மாவின் மடிக்கு வந்திருக்கிறது. அந்தக் கதகதப்பு!

ஓட்டையைக் கண்டுபிடிப்பது ஒரு மாலை வேலை. அடைப்பது நான்கு நாள் வேலையாகிவிட்டது. நட்டுகள் துருவேறி போல்ட்டோடு ஒன்றாகிக் கிடந்தன. இரவெல்லாம் துரு எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மறுநாள் சந்தைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் பூ போயிற்று. எங்களுக்கு வாடகை போயிற்று. காலையில் ஒரு நட்டு முனகிக்கொண்டே கழன்றது. அடுத்ததற்கு அப்பா ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டமாக்கி அழுத்தினார். "மெதுவாங்கப்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "டக்". நட்டு கையோடு வந்தது. அதற்குள் முறிந்த போல்ட்டும் வந்தது. மீதித் துண்டு மேனிபோல்டிலேயே நின்றுவிட்டது. அப்பா வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. தலைவலியோடாவது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை என்று அவர் நினைத்திருப்பார். நான் அதைத்தான் நினைத்தேன்.

எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, நடுக் கதவையும் திறந்து வைத்து, அப்பா மட்டும் தனியாக வண்டியை ஊர்ந்தபடி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். வண்டி டிராக்டர் போல் அலறிக்கொண்டு போயிற்று. நான் பின்னால் பஸ்ஸில் போனேன். அங்கே இருந்த பெரியவர் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார்; பெட்ரோல் குழாய்ப் பக்கம் ஈரச் சாக்கைப் போர்த்தினார். முறிந்து நின்ற துண்டின்மேல் ஒரு புது நட்டை வைத்து வெல்டிங் பற்றவைத்து, அது சிவந்து ஆறுகிற நேரத்தில் ஸ்பேனரைப் போட்டு நயமாகத் திருப்பினார். பாலில் இருந்து ஆடை எடுப்பது போல் வந்துவிட்டது. நாங்கள் ஒரு பகல் முழுக்கப் போராடிய துரு அது. சூட்டில் இரும்பு விரிந்து துருவின் பிடி விடுகிறது என்பது எனக்குப் பாடமாகத் தெரியும்; எவ்வளவு சூட்டில், எந்த நொடியில் என்பது அவருக்குத் தெரியும். "அடுத்த தடவ இப்பிடி ஆகாம இருக்கோணும்னா பித்தள நட்டுப் போட்டுக்கம்மிணி. அது இரும்போட துருப்பிடிச்சு ஒட்டாது" என்றார். கூலி கேட்டதற்கு, "புள்ள படிக்குதா? எந்தக் காலேஜு?" என்று கேட்டுவிட்டுப் பாதிதான் வாங்கினார்.

மீதி வேலையை வீட்டிலேயே செய்தோம். இரண்டு முகத்திலும் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கையும் பசையையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தோம். ஒரு மணல் அளவு மேடு இருந்தாலும் புதுப் பேக்கிங் சரியாக உட்காராது. நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்கிவிடாமல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினோம். சீட்டுக்கடியில் புது ரப்பர் பீடிங் வெட்டி ஒட்டினோம். கோணிச் சாக்கை நானே கொண்டுபோய்க் குப்பைக்குழியில் போட்டேன். பேக்கிங், பித்தளை நட்டு, பீடிங் எல்லாவற்றுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்திருந்த ஆயிரம் ரூபாயில்தான் செலவு. அரசாங்கம் இதற்கென்று கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வண்டியை எடுத்தார் அப்பா. "டக் டக்" இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குமிழி இல்லை. சொட்டுநீர்க் குழாயை அம்மாவும் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அன்று இரவு எங்கள் வீட்டில் கறிச்சோறு.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். நான் கல்லூரிக்குக் கிளம்பாமல் அவர்கள் திரும்பும் வரை காத்திருந்தேன். அம்மா இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சாமி, நல்லாருக்குது" என்றார். பெற்றவள் பொய் சொன்னால் பிள்ளைக்குத் தெரியாதா? விடாமல் கேட்ட பிறகு, "பாதி கொறஞ்சிருச்சு. பாதி இருக்குது" என்றார்.

அந்தப் பாதி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நான் சொன்னதெல்லாம் தப்போ? டாக்டர் சொன்னதுதான் சரியோ? ஒட்டு இறுகிவிட்டது, சத்தம் இல்லை, குமிழி இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது? பேராசிரியரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "வேன் போகும்போது நீ உள்ளே இருந்து பார்த்திருக்கிறாயா?" இல்லை. நிற்கிற வண்டியை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை விடியலில் நானும் ஏறினேன். முன்னால் இடமில்லை, பின்னால் பூ மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். அன்றுதான் கவனித்தேன். பொங்கல் முடிந்தும் கோழிக்கொண்டையும் செண்டுமல்லியும் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. கடைசி இரண்டு மூட்டை உள்ளே அடங்காது. அதனால் அப்பா பின்கதவைப் பாதி தூக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். எத்தனையோ வருடமாக அப்படித்தான். நாங்கள் யாரும் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கட்டிய கதவுக்கு நேர் கீழே சைலன்சர் குழாயின் வாய்.

வண்டி ஓடும்போது காற்று முன்னாலிருந்து பின்னால் போகும், ஆகவே புகை பின்னாலேயே போய்விடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தேகம் தீரப் பூக்கட்டும் நூலில் ஐந்தாறு துண்டு கிள்ளிக் கதவின் விளிம்பில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். ஊர் எல்லையைத் தாண்டி அப்பா வேகம் எடுத்ததும் அந்த நூல்கள் என்ன செய்தன தெரியுமா? வெளியே பறக்கவில்லை. எல்லாம் உள்பக்கம் திரும்பி என்னை நோக்கி நீண்டன. பெட்டி மாதிரியான வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழன்றுகொண்டே கூட வருகிறது. குழாயிலிருந்து வெளிவரும் புகை அந்தச் சுழலில் சிக்கிக்கொள்கிறது. கதவு திறந்திருந்தால் சுழல் அதை உள்ளே தள்ளிவிடுகிறது. முன்கண்ணாடிகள் மூடியிருக்கும்போது உள்ளே வந்தது எளிதில் வெளியே போவதில்லை. சந்தை வந்து சேர்வதற்குள் எனக்கே நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கியது. வலித்ததற்காக நான் மகிழ்ந்தது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

ஓட்டையை அடைக்கப் பணம் போதும். இந்தக் கதவை மூடுவதற்கு இரண்டு மூட்டை வாடகையை விட வேண்டும். தினமும். அப்பா அன்று இரவு வெகுநேரம் கணக்குப் போட்டார். வாய்விட்டுப் போடவில்லை, விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அம்மா, "ரெண்டு மூட்டைக்கு ஒரு தலவலிதான, இருந்துட்டுப் போவட்டும். மார்கழி தைக்கு மட்டுந்தான?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் நான் என்னென்னவோ பேசிவிட்டேன். "உங்களுக்கு மட்டுமா தலைவலி? வாய்க்கால் பாலத்தை நெனச்சுப் பாருங்க" என்று கத்தினேன். அதுவரை அந்தப் பாலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசியதில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பேசியது அதிகம்தான். மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்காமலே இருக்கிறேன்.

மறுநாள் காலையில் கதவு மூடியிருந்தது. இரண்டு மூட்டை களத்திலேயே நின்றது. அந்தத் தோட்டத்துக்காரர் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து கேரியர் ஒன்றைப் பிடித்து வந்து வண்டியின் கூரையில் மாட்டினார். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் இப்போது மேலே போகின்றன. காற்றில் வாடாதிருக்க அவற்றின்மேல் ஈரச் சாக்கு. மல்லிகை மட்டும் உள்ளே. லேத் பட்டறைப் பெரியவர்தான் கேரியருக்குக் கால் வைத்துக் கொடுத்தார். இந்த முறையும் பாதிக் கூலி வாங்கினாரா என்று கேட்டேன். "முழுசாத்தான் வாங்கினாரு. நீ வர்லயல்ல" என்றார் அப்பா.

அந்தத் தை முடிவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி நின்றது. முற்றிலும் நின்றது என்று அவர் சொன்னதை நான் நம்பாமல் ஒரு மாதம் காலண்டரில் குறித்து வந்தேன். பிறகுதான் நம்பினேன். மாத்திரைகள் மாடத்தில் அப்படியே கிடந்தன. அம்மிச்சி அவற்றையும் சுற்றிப் போடலாம் என்றார். அப்பா கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுத்தான் இன்றும் ஓட்டுகிறார். நான் சொல்லி அல்ல. பாலத்தை நினைத்து என்று நினைக்கிறேன். "குளுருது, ஏத்துங்க" என்று அம்மா தினமும் சண்டை பிடிக்கிறார்.

அந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியை மட்டும் அம்மா விடவில்லை. தலைவலிக்கு அது எதற்கும் உதவவில்லை. ஆனால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும்போது நூல் நன்றாகத் தெரிகிறதாம்.